கதவுக்கு வைத்திருந்த பலகைகள்

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் நீ என்ன பதில் சொல்வாய் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, அதை மட்டும் சொல். இங்கே உன் அத்தைக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது. எனக்கு ஒரு குறையும் இல்லை. போனில் பேசியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். மழை, வெயில் என்று எதையோ பேசிவிட்டு வைத்துவிடுகிறேன்.

பட்டறையைத் திறந்துவிட்டோம் அம்மா. ஞாயிற்றுக்கிழமைகளில் நம் வீட்டுக் கொட்டகைக்கு யார் வேண்டுமானாலும் வந்து தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொள்ளலாம் என்று நீயும் என் மகனும் திட்டம் போட்டீர்களே, அதேதான். அவனோடு வேலை பார்த்த கூட்டாளிதான் வந்து சொல்லித்தருகிறான். "அப்பா, நீங்க கதவை மட்டும் திறந்து விடுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். எனக்குச் சும்மா இருக்க வருமா? ஆயுசு முழுக்க பஸ் ஓட்டிய கை, ரம்பத்தைக் கொடுத்தாலும் வளைத்துத் திருப்பத்தான் பார்க்கிறது. "இங்க ஸ்டாப் எதுவும் இல்லப்பா, நேரா போங்க" என்று சிரிக்கிறான். காய்கறிக் கடைக்காரர் வருகிறார், பள்ளிக்கூட வாட்ச்மேன் வருகிறார். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து ஓர் அலமாரிக்காக நாள் முழுக்கச் சண்டை போடுகிறது. அவர்கள் பக்கம் நான் அதிகம் போவதில்லை.

முதல் நாள் அந்தக் கூட்டாளி யார் கையிலும் உளியைக் கொடுக்கவில்லை. கான்கிரீட் போடும்போது அதைத் தாங்கும் சென்ட்ரிங் பலகைகளுக்கு அடியில் முட்டு எப்படிக் கொடுப்பது, அது தாங்குமா என்று எப்படிப் பார்ப்பது, அதைத்தான் சொல்லித்தந்தான். பாதியில் தண்ணீர் குடிக்கப் போனவன் வெகு நேரம் வரவில்லை. சென்ட்ரிங் சரிந்து நம் பிள்ளை விழுந்த அன்று அந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் அந்த முட்டுகளைத் தட்டிப் பார்த்திருந்தால்... சரி, விடு.

உன் அத்தை மட்டும் கொட்டகைப் பக்கமே வரவில்லை. ஃபிளாஸ்க்கில் டீயைப் போட்டுப் பின்வாசல் படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். கூப்பிட்டால், "எம் பிள்ளை இல்லாத இடத்துல எனக்கு என்ன வேலை" என்பாள்.

அடுத்த தெருவில் ஒரு நர்ஸ் இருக்கிறாள், மகளோடு தனியாக. வீட்டுக் கதவு அடியில் உளுத்துப்போய்த் தாழ் விழுவதில்லை. ஒரு கதவு செய்யக் கற்றுக்கொள்ளத்தான் பட்டறைக்கு வந்தாள். அதற்குத் தகுந்த மரம் கொட்டகையில் ஒன்றுதான் இருந்தது. நீங்கள் கட்டப்போகும் வீட்டின் வாசற்கதவுக்கு என்று நம் பிள்ளை வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பலகைகள். வேறு எங்காவது பார்க்கலாம் என்று கூட்டாளி சொல்லிவிட்டான். நானும் அதற்குத் தலையாட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி ஃபிளாஸ்க்கைக் கொடுக்க அந்த நர்ஸ் சமையலறைக்குப் போனாள். நான் பின்வாசலில் நின்றிருந்தேன். காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"ரொம்ப நாளா சொல்லணும்னு நெனச்சேம்மா, தைரியம் வரல. உங்க பையனைக் கொண்டு வந்தப்ப நான்தான் டியூட்டில இருந்தேன். கடைசி வரைக்கும் கையைப் பிடிச்சிட்டிருந்தேன். மேல நின்னவங்கல்லாம் இறங்கிட்டாங்களான்னு கேட்டார். இறங்கிட்டாங்கன்னு சொன்னேன். சரின்னார். அப்புறம் எதுவும் பேசல."

எல்லோரும் இறங்கினார்களா என்று அவளுக்கு அப்போது தெரியாதாம். பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டாளாம். அவனைத் தவிர எல்லோரும் இறங்கியிருந்தார்கள்.

"வலிச்சுதா?" என்று மட்டும் உன் அத்தை கேட்டாள். மருந்து கொடுத்திருந்தோம் என்றாள் நர்ஸ்.

பிறகு உன் அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேரே கொட்டகைக்குள் வந்தாள். எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். சுவரோரம் போய் ஒவ்வொரு பலகையாகத் தடவிப் பார்த்தாள். "தாழ் விழாத வீட்ல பொம்பளப் பிள்ளையை வெச்சுக்கிட்டு எப்படிம்மா தூங்குவ? இதை எடுத்துக்கோ" என்றாள். அன்றே பலகைகளை இழைத்தார்கள். அது முடியும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டோம். அது உன் வீட்டுக் கதவு. அடுத்தவர் வாயால் நீ கேட்கக் கூடாது என்றுதான் முதலில் நானே எழுதுகிறேன். கதவைப் பொருத்தியாயிற்று. இப்போதெல்லாம் உன் அத்தை கடைக்குப் போனால் அந்தத் தெரு வழியாகச் சுற்றிக்கொண்டுதான் வருகிறாள். ஏன் என்று நான் கேட்பதில்லை.

இன்னொரு விஷயம். உன் அண்ணன் இங்கே வந்திருந்தார். உனக்கு ஓர் இடம் வந்திருக்கிறதாம். நல்ல மனிதராம். மாமாவும் அத்தையும் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி நீ தட்டிக்கழிக்கிறாயாம். அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். உன் அத்தை எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுதாள், உன்னிடம் மறைக்க மாட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உன் அண்ணனிடம் ஒன்றுதான் கேட்டாள்: "உயரத்துல ஏறுற வேலை இல்லையே?"

இல்லை என்றார் அவர். அப்புறம்தான் அவருக்குச் சோறு போட்டாள்.

நாங்கள் என்ன நினைப்போம் என்று நினைத்து உன் நாட்களைக் கழிக்காதே. இந்த வயதில் நாங்கள் கேட்பதெல்லாம், நீ எங்கே இருந்தாலும் வயிறாரச் சாப்பிட்டாய், வாய்விட்டுச் சிரித்தாய் என்று எங்கள் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான். இந்த வீடு உனக்கு எப்போதும் வீடுதான். உனக்குத் தோன்றும்போது வா. தனியாகத்தான் வர வேண்டும் என்று இல்லை அம்மா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா