இருநூற்றேழாவது அட்டை

ஜூன் 3

அன்புள்ள கொம்பு,

நீயும் அண்ணனும் குட்டியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். நான் சுகமாக இல்லை. உன் மேல் கோபமாக இருக்கிறேன். போனில் பேசினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். மெசேஜ் போட்டால் கும்பிடுகிற கை ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால்தான் பேனாவை எடுத்தேன். பயிற்சிக் கல்லூரியை விட்ட பிறகு உனக்குத் தாளில் எழுதும் முதல் கடிதம் இப்படியா அமைய வேண்டும்!

துணிக்கடைக்கு மேல்மாடியில் என் மாலை வகுப்பு நடப்பது உனக்குத் தெரியும். பிழைப்புக்காக வந்து நம் மொழியைப் புதிதாகக் கற்கும் பெரியவர்கள் வருகிறார்கள். அதில் ஒருத்தியை எல்லோரும் ‘சரிங்க’ என்றுதான் கூப்பிடுவோம். வந்த புதிதில் அவளுக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது. முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. பஸ்ஸில் வரும்போதும் போகும்போதும் நீ செய்த மொழிப் பயிற்சி அட்டைகளைத்தான் போனில் தட்டிக்கொண்டிருப்பாள். நானூற்றுப் பன்னிரண்டு அட்டைகளிலும் முழு மதிப்பெண் வாங்கியவள்.

அந்த இல்லத்தில் ஒரு பெரியவர், முன்னாள் டெய்லர். அவருக்கு உடம்பில் சேரும் நீரை வெளியேற்றும் மாத்திரையை ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ கொடுக்கச் சொல்லி எழுதி வைத்திருந்தார்கள். சரிங்க பதினொரு நாள் தினமும் கொடுத்திருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அவர் குளியலறை வாசலில் தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். நல்லவேளை, உயிருக்கு ஒன்றும் இல்லை. இவளை அன்றே வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்.

“எழுதினபடிதான் கொடுத்தேன் டீச்சர்” என்று அழுகிறாள். “யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டேன். போனை எடுத்து நீட்டினாள். உன்னுடைய இருநூற்றேழாவது அட்டை. மேலே ‘ஒரு நாள் விட்டு ஒரு நாள்’ என்று எழுதியிருக்கிறது. கீழே வாரத்தின் ஏழு கட்டங்கள். ஏழிலும் டிக்! பக்கத்து அட்டையான ‘தினமும்’ என்பதை நகலெடுத்துவிட்டு, எழுத்தை மட்டும் மாற்றி, படத்தையும் விடையையும் மாற்ற மறந்திருக்கிறாய். நானே ஞாயிறு, செவ்வாய், வியாழன், சனி என்று தொட்டுப் பார்த்தேன். சிவப்பாக மின்னி, ‘தவறு, மறுபடி முயற்சி செய்க’ என்றது. பிறந்ததிலிருந்து இந்த மொழியைப் பேசுகிறவளிடம்! ஏழையும் தொட்டால் கைத்தட்டுகிறது.

அதற்குக் கீழேயே ஒன்றரை வருடத்துக்கு முன்பு யாரோ ஒரு புண்ணியவான் ‘இந்தப் படம் தப்பு, திருத்துங்கள்’ என்று கமெண்ட் போட்டிருக்கிறார். நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

வரும் சனிக்கிழமை சரிங்கவை அழைத்துக்கொண்டு இல்லத்து மேனேஜரைப் பார்க்கப் போகிறேன். அட்டை உன்னுடையது, தவறு உன்னுடையது என்று உன் கைப்பட எழுதி அனுப்பு.

கோபத்தோடும் பழைய அன்போடும்,
புள்ளி

•

ஜூன் 8

அன்புள்ள புள்ளிக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். அந்தப் பெரியவருக்காகவும் அந்தப் பெண்ணுக்காகவும் மனசார வருத்தப்படுகிறேன். ஆனால் நீ எழுதியிருந்த தோரணை இருக்கிறதே, ஏதோ நான் போய் மாத்திரையை வாயில் போட்டது மாதிரி!

அந்த அட்டைகளை நான் எப்போது செய்ய ஆரம்பித்தேன் தெரியுமா? குட்டி கைக்குழந்தை. ஒரு கையில் அவள், மறு கையில் போன். யாரும் கேட்கவில்லை, யாரும் கொடுக்கவும் இல்லை. எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று திறந்து வைத்தேன். முப்பத்தோராயிரம் பேர் பயன்படுத்துகிறார்கள். அதில் நன்றி சொன்னவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நீ அந்தக் கணக்கில் இல்லை. மூன்று வருடமாக அதை வைத்துத்தான் பாடம் நடத்துகிறாய். குறை சொல்ல மட்டும் கடிதம் வருகிறது.

மாத்திரை கொடுப்பது நர்ஸ் செய்ய வேண்டிய வேலை. மொழி கற்றுக்கொண்டிருக்கும் ஒருத்தியை அதில் விட்டார்களே, அவர்களிடம் போய்ச் சண்டை போடு.

நான் போய்ப் பார்த்தேன். இருநூற்றேழாவது அட்டை சரியாகத்தான் இருக்கிறது. அந்தப் பெண் வேறு ஏதாவது ஒன்றைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம், நீயும் அவசரத்தில் பார்த்திருக்கலாம்.

இந்த மாதக் கடைசியில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் குழு கூடுகிறது. எல்லா மாலை வகுப்பு மையங்களுக்கும் என் அட்டைகளையே பாடமாக வைக்கலாம் என்று பேச்சு. ஐந்து வருட உழைப்புக்கு இப்போதுதான் ஒரு வாசல் திறக்கிறது. இந்த நேரத்தில் இதை ஊதிப் பெரிதாக்காதே. உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அண்ணன் உன்னை விசாரித்தார். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

என்றும் உன்,
கொம்பு

•

ஜூன் 12

கொம்பு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை.

சனிக்கிழமை போனோம். உன் கடிதம் அதுவரை வந்து சேரவில்லை. அது வரும்போது வரட்டும், இப்போதைக்கு அட்டையைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். மேனேஜர் அறையில் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. பெரியவரின் மகள் ஜன்னல் ஓரத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தாள்.

“மேடம், இந்தப் பொண்ணு மேல தப்பே இல்லை. பாடத்துலயே தப்பா இருக்கு. நீங்களே பாருங்க” என்றேன். சரிங்க போனைத் திறந்தாள். மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். போனை எங்கள் பக்கம் திருப்பினார்.

ஒன்று விட்டு ஒன்று. நாலு கட்டத்தில் டிக், மூன்று கட்டம் காலி. அவ்வளவு லட்சணமாக இருந்தது.

“சரியாத்தானே இருக்கு? இதுல என்ன தப்பு?” என்றார் மேனேஜர்.

சரிங்க மூடினாள், திறந்தாள். மறுபடி மூடினாள், திறந்தாள். “முன்னாடி வேற... முன்னாடி வேற மாதிரி இருந்துச்சு டீச்சர்” என்று என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த கொஞ்ச வார்த்தையும் வாயில் சிக்கிக்கொண்டது. பெரியவரின் மகள், “தப்பும் பண்ணிட்டு, பொய்யும் சொல்ல ஆள் கூட்டிட்டு வந்திருக்கா” என்றாள். ஆள் என்றது என்னைத்தான்.

போட்டோ எடுத்து வைத்திருக்கலாமே என்று கேட்பாய். உன்னிடம் போட்டோ ஆதாரம் வைத்துப் பேச வேண்டிய காலம் வரும் என்று நான் கனவிலாவது நினைத்திருப்பேனா?

வீட்டுக்கு வந்தால் உன் கடிதம் காத்திருக்கிறது. ‘சரியாகத்தான் இருக்கிறது’ என்று! அடிப்பாவி, என் கடிதம் கையில் கிடைத்ததும் திருத்திவிட்டு, எனக்கே கண் சரியில்லை என்று எழுதுகிறாயா? கல்லூரியில் எல்லா எழுத்துக்கும் கொம்பை நீட்டிப் போடுவாய் என்றுதான் உனக்கு அந்தப் பட்டப்பெயர். இப்போது தலையிலேயே முளைத்துவிட்டதா?

எந்தத் தேதியில் எதை மாற்றினாய் என்ற திருத்த வரலாறு உன் கணக்கில்தான் தெரியும். அதை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் குழுவும் வாசலும் எனக்குத் தெரியாது. ஒரு பெண் பொய்க்காரி என்ற பெயரோடு தெருவில் நிற்கிறாள். அவளை அங்கே நிறுத்தியது நீ.

புள்ளி

•

ஜூன் 19

புள்ளி,

நீ கேட்டது இந்த உறையிலேயே இருக்கிறது. நான்கு பக்கம். ஒவ்வொன்றிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அட்டை உருவான நாள், அந்த கமெண்ட் வந்த நாள், ஜூன் 5 காலை 9.40க்கு நான் திருத்தியது, எல்லாம் அதில் தெரியும். குழு கூடுவதற்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறது. இதை யாரிடம் காட்டுவாயோ, காட்டு.

உன் கடிதத்தைப் படித்த கையோடு திருத்தினேன். இன்னொருவர் இதைத் தப்பாகப் படித்துவிடக் கூடாது என்ற பதைப்புதான் முதலில் இருந்தது. நம்பாவிட்டால் போ. திருத்தி முடித்த பிறகு, இனி யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. அந்த எண்ணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் உனக்கு அப்படி எழுதினேன். அது பொய். 

ஆனால் எனக்கும் கேட்க ஒன்று இருக்கிறது. ஒரு வருடமாகத் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருடம் ஒரு பயிலரங்கில் உங்கள் மையத்தின் பயிற்சிப் புத்தகத்தைப் பார்த்தேன். பச்சை மேலட்டை போட்டது. பிரித்தால் உள்ளே முழுக்க என் அட்டைகள். வரிசைகூட மாறவில்லை. குட்டி கிறுக்கிய கோணல் பூனை உட்பட. முன்பக்கத்தில் உங்கள் மையத்தின் முத்திரை. உள்ளே ‘தயாரிப்பு’ என்று உன் பெயர். என் பெயர் எங்கேயாவது இருக்கும் என்று கடைசிப் பக்கம் வரை தேடினேன். அச்சகத்தின் பெயர்கூட இருந்தது, புள்ளி. என் பெயர் இல்லை.

எடுத்துக்கொள்ளத்தான் திறந்து வைத்தேன். அழித்துவிட்டு எடுத்துக்கொள் என்று சொன்னேனா? நல்ல பெயர் வரும்போது உங்கள் புத்தகம், கெட்ட பெயர் வரும்போது என் அட்டையா?

இப்போது இதற்குப் பதில் சொல். அந்தப் புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் அதே ஏழு டிக் இருக்கிறது. அதை என்னால் எங்கிருந்தும் திருத்த முடியாது. உன் வகுப்பறை அலமாரியில் கட்டுக் கட்டாக இருக்கும். சனிக்கிழமை அதில் ஒன்றை எடுத்துப்போய் மேனேஜர் மேஜையில் போட்டிருந்தால் அந்தப் பெண் பொய்க்காரி ஆகியிருக்க மாட்டாளே! ஏன் எடுத்துப் போகவில்லை?

அடுத்தவர் விட்ட புள்ளியை எல்லாம் தேடித் தேடி வைப்பவள் என்றுதான் உனக்குப் புள்ளி என்று பெயர் வைத்தோம். மூன்று வருடமாக அந்தப் பக்கத்தை வைத்துப் பாடம் நடத்தினாயே, ஒரு நாளாவது படித்தாயா?

கொம்பு

•

ஜூலை 2

அன்புள்ள கொம்பு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்னைத் திட்டினேன். மூன்றாம் நாள் திட்ட ஒன்றும் மிச்சமில்லை. நீ கேட்டது நியாயம்.

சனிக்கிழமைக்கு முந்தின நாளே புத்தகத்தை எடுத்துப் பைக்குள் வைத்தேன். எங்கள் மையத்தின் முதல்வர் பார்த்துவிட்டார். “மையத்தோட முத்திரை இருக்கிற தாள் வெளிய போகக் கூடாது. நாளைக்குப் பேப்பர்ல வந்தா நீங்களா பதில் சொல்வீங்க?” என்றார். எடுத்துத் திரும்ப வைத்துவிட்டேன். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. அதனால்தான் உன் திருத்த வரலாற்றை அவ்வளவு வெறியோடு கேட்டேன். உன் பெயரால் அவளைக் காப்பாற்றிவிட்டால் என் பெயர் வெளியே வராதே என்று நினைத்தேன். உன் பெயரைப் புத்தகத்தில் போட வேண்டாம் என்றவரும் அவர்தான். ‘சரி சார்’ என்றது நான். பாடத்தைப் படித்தாயா என்று கேட்டாயே, படிக்கவில்லை. நீ செய்தது சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

உன் நான்கு பக்கத்தையும், நாற்பத்தோராம் பக்கத்தில் நான் கையெழுத்துப் போட்ட பச்சைப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு இருபத்து நான்காம் தேதி மறுபடி போனேன். இந்தத் தடவை நானாகவே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். சரிங்கவையும் உட்கார வைத்தேன். மேனேஜர் இரண்டையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்போ யார் மேலதான் தப்பு?” என்றார்.

“தப்பா எழுதினது என் தோழி. அதைப் படிக்காம பாடம் நடத்தினது நான். மொழி பழகுற பொண்ணுகிட்ட மாத்திரை டப்பாவைக் கொடுத்தது நீங்க. நாங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க எங்க போடப் போறீங்க?” என்றேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. “வெளிய போங்க” என்று எழுந்தார். போகவில்லை. பெரியவரின் மகள் புத்தகத்தை வாங்கி நாற்பத்தோராம் பக்கத்தை நீண்ட நேரம் பார்த்தாள். “இதைப் படிச்சா நானும் தினமும்தான் கொடுத்திருப்பேன்” என்றாள். அதற்குப் பிறகு மேனேஜரால் உட்காராமல் இருக்க முடியவில்லை. அன்றே, தவறு அவளுடையது அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். திங்கள் முதல் சரிங்க பழையபடி வேலைக்குப் போகிறாள். மாத்திரைகள் இப்போது நர்ஸ் கையில். பெரியவர் கட்டுப் போட்ட கையோடு அவளுக்கு ஊசியில் நூல் கோக்கச் சொல்லிக் கொடுக்கிறாராம். “ரொம்பக் கத்துறாரு டீச்சர்” என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

முதல்வர் மறுநாளே என்னை அழைத்து, இனி வர வேண்டாம் என்றார். சாக்பீஸ் டப்பாவையும் என் டம்ளரையும் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கினேன்.

குழு உன் அட்டைகளையே தேர்ந்தெடுத்துவிட்டதாக இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். அந்த நான்கு பக்கங்கள் குழு வரை போகவில்லை. நான் அனுப்பவில்லை. உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அட்டைகள் நல்ல அட்டைகள்.

நீ தப்பாக எழுதியதை நான் மன்னித்துவிட்டேன். நானும் அதே தப்பைத்தான் அச்சடித்தேன். தடம் தெரியாமல் அழித்துவிட்டு எனக்கு அப்படி எழுதினாயே, அதை மட்டும் முடியவில்லை. அவள் போனை மூடி மூடித் திறந்ததை நீ பார்க்கவில்லை, நான் பார்த்தேன். பூசி மெழுகி எழுத எனக்குத் தெரியாது. உன் பெயரை அழித்ததை உன்னாலும் மன்னிக்க முடியாது. மன்னிக்கவும் வேண்டாம்.

இப்போது வேலை இல்லாததால் நேரம் நிறைய இருக்கிறது. நானூற்றுப் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு விடையையும் தொட்டுப் பார்த்தேன். பத்தொன்பது இடத்தில் தப்பு. பட்டியல் இதோடு இருக்கிறது. அறுபத்து மூன்றாவது அட்டையைத்தான் முதலில் பார். ‘சாப்பாட்டுக்கு முன்’ என்ற இடத்தில் காலித் தட்டுப் படம் போட்டிருக்கிறாய். சாப்பிட்டு முடித்த தட்டும் காலிதானே?

மையங்கள் திறப்பதற்குள் திருத்திவிடு. ஒவ்வொரு திருத்தத்துக்கும் கீழே தேதி போடு, முன்பு எப்படி இருந்தது என்பதையும் எழுது. பதில் கடிதம் வேண்டாம். பத்தொன்பதும் மாறியதும் நானே பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அட்டைகளைப் பயன்படுத்தும் முப்பத்தோராயிரத்தில் ஒருத்தி