இடப்பக்கம் காலி

ஜூன் 3
இடது மார்பை எடுத்து மூன்று மாதம். நாத்தனார் ஆறுதல் சொல்ல வந்தாள். “நல்லவேளை அண்ணி, பசங்க வளந்தாச்சு. இனிமே அது எதுக்கு?” அவளுடைய மூளையைப் பற்றி நானும் இப்படி நினைத்ததுண்டு. எடுத்துவிடு என்று சொன்னதில்லை.

ஜூன் 5
வெந்நீரைத் திறந்துவிட்டு, குளியலறைக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்த பிறகுதான் சட்டையைக் கழற்றுகிறேன். வீட்டுக்காரர் மூன்று மாதமாக என் முகத்தை மட்டுமே பார்த்துப் பேசுகிறார். இருபது வருஷத்தில் இவ்வளவு மரியாதை கிடைத்ததே இல்லை.

ஜூன் 12
மறுபடி வேலை. டிரைவிங் ஸ்கூல் முதலாளி என் நெஞ்சைப் பார்த்தே, “ஒண்ணுமே தெரியலையே!” என்றார். எதைத் தேடினாராம்? பிராவுக்குள் வைத்திருப்பது சிலிக்கான் மார்பு. சீட் பெல்ட் குறி பார்த்துத் தழும்பின் மேலேயே உட்காருகிறது. கடைசி வகுப்பு ஒரு பல் டாக்டருக்கு. அந்தம்மா புறாவைப் பார்த்தாலும் பிரேக் அடிப்பார்.

ஜூன் 13
தோள் வலி. வேறொன்றும் இல்லை.

ஜூன் 19
இன்று பல் டாக்டர் ஒரு பிளாஸ்டிக் பைக்காகப் பிரேக் அடித்தார். நான் முன்னால் போய்த் திரும்பி வந்தேன். சிலிக்கான் திரும்பவில்லை, கழுத்தெலும்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. டாக்டர் பார்த்துவிட்டார்.
“மேடம்... என்னாச்சு?”
“கேன்சர். எடுத்தாச்சு. இது ஸ்டெப்னி.”
இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் — எதுக்கு அழுதேன்? அதுவும் நடுரோட்டுல, பாடம் சொல்லிக்கொடுக்க வந்தவ! அவர் இண்டிகேட்டர் போட்டு, ஓரம் கட்டி, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டுக் காத்திருந்தார். ஒரு தப்பில்லை.

ஜூன் 20
காலையில் வீட்டுக்காரரிடம் கேட்டேவிட்டேன். “அருவருப்பா இருக்கா?”
“நீதானே கதவச் சாத்திக்கிறே. நான் பாத்தா உனக்குக் கஷ்டமா இருக்குமோன்னு...”
பட்டனைக் கழற்றினேன். அழகாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் கொன்றிருப்பேன். “தையல் கொஞ்சம் கோணலா இருக்கே” என்றார். குறை கண்டுபிடிக்காவிட்டால் மனிதருக்குச் சோறு இறங்காது. விரலால் அந்தக் கோணலை மெல்லத் தடவிப் பார்த்தார்.

ஜூலை 9
மருத்துவமனையில் பரிசோதனை. பக்கத்து நாற்காலியில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும். நாளைக்கு அவளுக்கும் இதே ஆபரேஷன். கையிலிருந்த படிவம் கசங்கிக் கந்தலாகியிருந்தது. “அப்புறம் எப்படிக்கா இருக்கும்?”
பெண்கள் கழிவறைக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.
“இவ்வளவுதானா?”
“இவ்வளவுதான்.”
அவளுக்கு மூச்சு வந்தது. நான் பேசிக்கொண்டே திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். நர்ஸ் வந்து காதோடு சொன்ன பிறகுதான் தெரிந்தது, பட்டன் போடவே இல்லை.