ஹேட்ரியனும் முசஃபா சாப்பாட்டுக் கூடமும்

8 செப்டம்பர் 1984, சனி
விடிவதற்குள் வாசு, அபுதாபி பக்கம் முசஃபாவில் இருக்கும் கட்டட சைட்டுக்குப் புறப்பட்டுவிட்டார். இனி வீடு திரும்புவது வியாழன் மாலைதான். ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரக் குடும்பம் மாடிப்படியில் விட்டுப்போன புத்தகங்களில் ஒன்றை எடுத்து வந்தேன். ரோமப் பேரரசன் ஹேட்ரியன் கட்டியவை பற்றியது. சென்னையில் கட்டடக்கலை படித்தபோது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயர். ஆண்ட காலத்தில் பாதிக்கு மேல் ஊர் ஊராக அலைந்திருக்கிறான். பிரிட்டனில் கடலுக்குக் கடல் மதில். போன இடமெல்லாம் கோயில், குளியல் கூடம், நூலகம். அரண்மனையில் இருக்கப் பிடிக்கவில்லையோ?

12 செப்டம்பர்
இன்று யாரிடமும் பேசவில்லை. குரல் இருக்கிறதா என்று ரேடியோ செய்தியைக் கூடவே சொல்லிப் பார்த்தேன்.

28 செப்டம்பர், வெள்ளி
சைட் ஆட்கள் தங்கும் கேம்ப்பில் புதிதாகச் சாப்பாட்டுக் கூடம் கட்டப் போகிறார்களாம். "தகர ஷெட்டு போட்டா வெயில்ல உள்ள உக்கார முடியாது, பாரதி. நீ ஏதாவது வரைஞ்சு பாரேன்" என்றார் வாசு. கல்யாணமான பிறகு முதல் தடவையாகக் கேட்கிறார்.

13 அக்டோபர்
ரோமில் ஹேட்ரியன் எழுப்பிய பாந்தியன் கோயிலின் குவிமாடத்தில், உச்சியில் பெரிய துளை. வெளிச்சம் வரும், மழையும் வரும். என்னுடையது சின்னது. வட்டக் கூடம், தாழ்வான குவிமாடம், உச்சியில் சூடான காற்று வெளியேற ஒரு திறப்பு, புழுதி விழாமல் அதன்மேல் சற்று உயர்த்திய மூடி. கை எதையும் மறக்கவில்லை.

நேற்று வாசு பார்த்துவிட்டு, "என்ன, பூசணிக்கா மாதிரி இருக்கு?" என்று சிரித்தார். இளம் ஹேட்ரியனிடம் ஒரு பெரிய கட்டடக் கலைஞன் சொன்னதும் இதுதான் - போய் உன் பூசணிக்காயை வரை. பின்னாளில் அரசனானதும் ஹேட்ரியன் அந்தக் கலைஞனைக் கொல்லச் சொன்னதாக ஒரு பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். வாசுவிடம் இதைச் சொல்லவில்லை.

2 நவம்பர், வெள்ளி
வரைபடம் ஒப்புக்கொள்ளப்பட்டது. மூலையில் வாசுவின் பெயர்.
"உன் பேரை எப்படிப் போடறது? நீ கம்பெனி ஆளா?"
நியாயம்தான். எரிந்துபோன பாந்தியனைத் திரும்பக் கட்டிய ஹேட்ரியனும் தன் பெயரைப் போடவில்லை. முதலில் கட்டிய அக்ரிப்பாவின் பெயரையே முகப்பில் பொறித்தான். எதிர் வீட்டுக் கமலேஸ்வரி அக்காவிடம் இதைச் சொல்லி ஆறுதல் தேடினேன். யாழ்ப்பாணத்துக்காரி, வெட்டென்று சொன்னார்: "அவர் ராசா. பேர் போடாட்டிலும் சனத்துக்குத் தெரியும். உமக்கு அப்பிடியே?"

18 ஜனவரி 1985
கூடம் எழும்பிவிட்டதாம். பார்க்கணும் என்றேன். "கேம்ப்புக்கு லேடீஸ் வரக்கூடாது."

12 மார்ச், செவ்வாய்
போய்விட்டேன். அபுதாபிக்கு ஷேர் டாக்சி, அங்கிருந்து முசஃபாவுக்கு இன்னொன்று. வாசு அப்போது சைட்டில். இன்ஜினியர் சம்சாரம் என்றதும் காவலாளி விட்டுவிட்டார்.

உள்ளே குளிர்ச்சி. வெளிச்சம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. என் கூடம். பெஞ்சு துடைத்துக்கொண்டிருந்த சமையல்காரர் கௌஸ் முகைதீன் டீ கொடுத்தார், ராமநாதபுரத்துக்காரர்.

"காத்து நல்லா வருதும்மா. ஒண்ணுதான் - வட்டமா இருக்கா, இந்தச் சுவரோரம் ஒருத்தன் மெல்ல அழுதாக்கூட அந்தச் சுவரோரம் கேட்டுருது."

அதை நான் யோசிக்கவே இல்லை. என்ன பண்ணிவிட்டேன்?

"மொதல்ல எல்லாருக்கும் வெக்கமா இருந்துச்சு. இப்ப கேட்டா யாராச்சும் தட்டைத் தூக்கிட்டு அவன் பக்கத்துல போய் உக்காந்துக்கிறாங்க."

நான்தான் வரைந்தேன் என்று சொன்னேன். கமலேஸ்வரி அக்காவுக்கு அடுத்து, வெளியில் சொன்னது அவரிடம்தான். அண்ணாந்து குவிமாடத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு இன்னொரு டீ ஊற்றினார்.

15 மார்ச், வெள்ளி
வாசுவுக்குத் தெரிந்துவிட்டது.
"சொல்லியிருக்கலாம்ல?"
"சொன்னா கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"
கௌஸ் பாய் சொன்னதைச் சொன்னேன். "நானும் அங்கதான் சாப்பிடறேன், பாரதி" என்றார். அருகில் போய் உட்கார்ந்தேன்.

4 மே, சனி
அக்கரையில், தேராவில் ஒரு வரைபட அலுவலகத்தில் எனக்கு வேலை. நான் வேலைக்குப் போக, என் விசாவுக்கு ஸ்பான்சரான கணவரின் சம்மதம் வேண்டும். வாசு போன வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று வாசு எனக்காகத் தாமதித்தார்; இருவரும் ஒரே நேரத்தில் கதவைப் பூட்டிக் கிளம்பினோம்.

ஊர் நடுவே ஓடும் கடற்கழியான க்ரீக்கைக் கடக்கும் படகில் நெரிசல். படகுக்காரர் தள்ளி இடம் கொடுத்துக் கேட்டார், "டூட்டி?"
"டூட்டி" என்றேன்.