மணி அடித்தும் தின்ற எலிகள்

மே 2009, செவ்வாய் இரவு. ஸ்காபரோ, கனடா.

போதை தராத கஞ்சாச் செடியிலிருந்து கன்னாபினோயிட் வகை வேதிப்பொருள் ஒன்றைப் புதிதாகப் பிரித்திருக்கிறார்கள். இன்னும் பெயர்கூட வைக்கவில்லை. எங்கள் ஆய்வுகூடத்தில் இன்று அதை எலிகளுக்குக் கொடுத்தோம். மணி அடித்தால் அடுத்து காலில் மின்சாரம் பாயும் என்று பழகிய எலிகள். சத்தம் கேட்டாலே கல்லாகிவிடும். மருந்து ஏறியவை மட்டும் மணி அடிக்க அடிக்கத் தின்றுகொண்டிருந்தன. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு அவற்றின் வெறுமையான கண்களைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

என் மனைவி தேவியின் தம்பி இலங்கையில், போர் நடந்த வன்னியில் இருக்கிறான். இத்தனை நாளும் தொலைபேசி அடித்தாலே, அவனைப் பற்றிய கெட்ட செய்தியோ என்று அவள் உறைந்துபோவாள். நான்தான் எடுப்பேன். நேற்று, சண்டை முடிந்துவிட்டதென்று வானொலியில் சொன்னார்கள்.

இன்று சாப்பிடும்போது தொலைபேசி அடித்தது. அவள் சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தாள்.

"போன் அடிக்குது, தேவி."

"ஓம், கேக்குது. உங்களுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே?"

நிமிர்ந்து பார்த்தாள். அதே கண்கள்.

நான் அவளுக்கு எந்த மருந்தும் கொடுக்கவில்லை. ஆய்வுகூடத்திலிருந்து ஒரு துளிகூட வெளியே வராது.

அவள் தின்றுகொண்டிருந்தாள். மணி அடித்து ஓயும்வரை என் கைதான் அசையவில்லை.