விருந்தாளி பாடம்

என் வீட்டுக்காரிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினெட்டு நாள் ஆகிறது. அக்காவுக்கு முழங்கால் வலி, துணைக்குப் போயிருக்கிறாய் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். லேக் மார்க்கெட்டில் வாங்கிய கறிவேப்பிலை வாடிக் கிடக்கிறது.

இன்று எதிர் ஃப்ளாட் வங்காளி அண்ணி, மஹுவா பௌதி, உன் இங்கிலீஷ் புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். "இனிமேல் எனக்கு எதற்கு" என்று கிளம்பும் அன்று அவரிடம் தந்துவிட்டாயாமே. மார்க்கெட், டாக்டர் ரூம், பஸ் ஸ்டாப் என்று படம் போட்டு, அதிலுள்ள பொருளுக்கெல்லாம் பெயர் எழுதிய புத்தகம். 'வீட்டுக்கு விருந்தாளி' பாடம்தான் ரொம்பக் கசங்கியிருந்தது. எங்கள் மேனேஜர் சாப்பிட வருகிறார் என்று ஒரு மாதம் இருவரும் அதை ஒத்திகை பார்த்தீர்களாம். சோபாவில் கால்மேல் கால் போட்டு, பௌதிதான் மேனேஜர்.

அது எனக்குத் தெரியாது. அன்று மேனேஜர் உள்ளே வந்ததும் நீ வாயைத் திறந்தாய். நான் முந்திக்கொண்டு, "இவளுக்கு இங்கிலீஷ் வராது சார்" என்று சிரித்தேன். நீ உள்ளே போனாய்.

தெரியாது என்று எழுதியது பொய். சமையலறையில் நீ முணுமுணுத்தது தினமும் என் காதில் விழுந்தது. ஒரு வார்த்தை தப்பிவிட்டால் என் மானம் போய்விடுமே என்று பயந்தேன்.

அந்தப் பாடத்தை இன்று நாலு தடவை படித்தேன். வீட்டுக்காரி வரவேற்கிறாள், உட்காரச் சொல்கிறாள், சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவள் பின்னால் வீட்டுக்காரரும் நிற்கிறார், கையில் தண்ணீர் ஜக்கோடு. அவருக்குப் பாடம் முழுக்க ஒரு வசனம்கூட இல்லை.

உன் வீட்டுக்காரன்