செவ்வாய் வேண்டாம், வியாழன் போவோம்

ஜனவரி 19, திங்கள்

தூறல். கைவிரல் விறைக்கும் குளிர். வேலை முடிந்து நேரே பாரிஸின் ரூ காய் தெரு, மகாலிங்கம் அண்ணையின் மரக்கறிக் கடைப் பின்னறை. கிளிநொச்சியில் நடத்தப்போகும் இலவச மருத்துவ முகாமுக்கு மருந்துப் பெட்டிகள் கட்டினோம். கண் சொட்டுமருந்து, சீனி வருத்தக்காரருக்கு ஊசிமுனைகள், பழைய மூக்குக்கண்ணாடிகள். ஒரு பெட்டியில் யாரோ குளிர்க் கையுறைகள் போட்டிருந்தார்கள். கிளிநொச்சி மக்களின் நீண்டநாள் தேவை.

வியாழன் பின்னேரம் விமானம். ஆறு பேர். டொக்டர் ஜெசிந்தா வைத்தியம் பார்ப்பார். மகாலிங்கம் அண்ணை சங்கத் தலைவர், ஆகவே தலைமை தாங்குவார். நான் நோயாளருக்கு நம்பர் எழுதிக் கொடுப்பேன்.

முதலில் செவ்வாய்க்கிழமைக்குத்தான் ரிக்கற் போட்டிருந்தது. "செவ்வாயிலை வெளிக்கிட்டால் போன காரியம் வெறுங்கை" என்றார் தலைவர். டொக்டர் மன்னார்க் கத்தோலிக்கர். கிருமிகளுக்குக் கிழமை தெரியுமோ என்று கேட்டார். ஒருவரும் சிரிக்கவில்லை. வியாழனுக்கு மாற்றினோம். கூட்டக் குறிப்பில் "ஏகமனதாக" என்று எழுதியவன் நான்.

உண்மையில் நான் போவது நம்பர் எழுத அல்ல. ஊரில் என் கூடப்பிறந்த அண்ணைக்கு இரண்டு சிறுநீரகமும் முடிந்துவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் நேரில் பார்க்கவில்லை. முதலில் விசா இல்லை, பிறகு லீவு இல்லை, பிறகு வெட்கம்.

நேற்றைய வீடியோ அழைப்பில் சொன்னார்: "செத்தவீட்டுக்கு வாறதெண்டால் வராதை. டொக்டர்மாரோடை வா. எனக்கு முதலாம் நம்பர் தா."

ஜனவரி 20, செவ்வாய்

வெயில். ஜனவரியில் பாரிஸில் வெயில் அடித்தால் அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கும்.

வேலையிடத்தில் இன்றைய விமானத்தை இணையத்தில் பார்த்தேன். குறித்த நேரத்துக்குக் கிளம்பியது. ஒருவரிடமும் சொல்லவில்லை.

நாளை இரவு தொடக்கம் பனிப்புயல் என்று அறிவிப்பு. கடையில் இதை நம்புவாரில்லை. ரேடியோக்காரனுக்கு வேறு வேலையில்லை என்பது பொது அபிப்பிராயம்.

வாங்கியவை: பனியன், அண்ணைக்குச் சவரக் கத்தி, அண்ணிக்கு வலிக்குப் பூசும் களிம்பு.

ஜனவரி 21, புதன்

மத்தியானமே தொடங்கிவிட்டது. லா சப்பல் பாலத்தின் மேல் பஸ் ஒன்று குறுக்கே நின்றது. புறநகருக்கு ஓடும் டி ரயில் இல்லை. வில்லியே லே பெல்லில் இருந்து வரவேண்டிய, எங்கள் குழுவின் இரண்டு பேரும் அங்கேயே.

கடையில் ஒரு அம்மா: "ஸ்னோ எண்டு சொல்லி முருங்கைக்காய்க்கு விலை ஏத்தாதையுங்கோ தம்பி. அது கொட்டினது இஞ்சை, காய் வந்தது அங்கையிருந்து."

இன்று கேட்ட ஒரே தர்க்கபூர்வமான பேச்சு.

பின்னேரம் அண்ணையின் மகன் கபிலன் ஃபோன் எடுத்தான். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறதாம். கண் திறக்கும்போதெல்லாம் விமானம் எத்தனை மணிக்கு என்று கேட்கிறாராம்.

ஜனவரி 22, வியாழன்

காலையில் ஃபோனில் ஒரு வரி. விமானம் ரத்து. அசௌகரியத்துக்கு வருந்துகிறார்களாம்.

கடையில் கூடினோம். மகாலிங்கம் அண்ணை பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு, எல்லாம் நன்மைக்கே என்றார். டொக்டர் எழுந்து வெளியே போய்ப் பனியில் நின்றார். செவ்வாய் விமானத்தைப் பற்றி எனக்குள் அவருக்கென்று ஒரு வசனம் தயாரானது. நல்ல வசனம், கூரானது. பிறகு பாவிக்கலாம் என்று வைத்துக்கொண்டேன்.

கபிலன் மறுபடி. "சித்தப்பா, அப்பா கேக்கிறார். என்ன சொல்ல?"

"வெளிக்கிட்டிட்டான் எண்டு சொல்லு."

"உண்மையாவோ?"

"சொல்லு."

விமானக் கம்பனிக்கு ஃபோன். சங்கீதம். ஞாயிறு இருக்கலாம், திங்களும் இருக்கலாம். மறுபடி சங்கீதம்.

ஜனவரி 23, வெள்ளி

பனி நிற்கவில்லை. அண்ணை போய்விட்டார். அங்கே விடியற்காலையில்.

கபிலன் அழவில்லை. ஆட்கள் நிறைந்த வீட்டில் அழ நேரமிருக்காது. "நீங்கள் மேலை வந்துகொண்டிருக்கிறியள் எண்டு நினைச்சுக்கொண்டுதான் போனவர்" என்றான். கூரையைப் பார்த்து இரண்டுதரம் கையைக் காட்டினாராம்.

பிறகு கேட்டான்: "வைச்சிருக்கட்டோ, எடுக்கட்டோ?"

எங்கள் ஆட்களிடம் இந்தக் கேள்விக்குத் தனி இடம் உண்டு. கனடாவிலிருந்து மகன் வரும்வரை, லண்டனிலிருந்து மகள் வரும்வரை, உடலுக்கு மருந்தேற்றிக் கிடத்தி வைப்பார்கள். பாதி யாழ்ப்பாணம் விமான அட்டவணைப்படிதான் எரிகிறது. இதை வைத்து நான் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஜன்னலைப் பார்த்தேன். எதிர்க் கட்டிடம் தெரியவில்லை. வராதவனுக்காக அண்ணையை எத்தனை நாள் கிடத்துவது?

"எடுங்கோ" என்றேன்.

"நாளைக்கோ?"

"நாளைக்கு."

பின்னேரம் கதவில் தட்டும் சத்தம். மகாலிங்கம் அண்ணை. திரான்சியில் இருக்கும் வீட்டிலிருந்து பாதி வழி நடந்து வந்திருக்கிறார். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது. கையில் சோற்றுப் பார்சல். வாசலிலேயே நின்றார்.

"தம்பி, நான்தானே செவ்வாய் வேண்டாம் எண்டு..."

வசனம் நாக்கு நுனியில் நின்றது. அவர் சோற்றுப் பார்சலை நீட்டினார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ அண்ணை" என்றேன்.

பருப்பும் கத்தரிக்காயும். இரண்டு பேரும் சாப்பிட்டோம். உப்புக் கொஞ்சம் கூட என்றார். ஓம் என்றேன்.

ஜனவரி 24, சனி

பனி நின்றுவிட்டது. நாளை காலை விமானம் என்று செய்தி. டொக்டர் ஃபோனில் கேட்டார், வருகிறீர்களா, வராவிட்டாலும் யாரும் ஒன்றும் நினைக்கமாட்டார்கள் என்று. வருகிறேன் என்றேன். நம்பர் எழுத வேறு ஆளில்லை.

ஒன்பது மணிக்குக் கபிலன் வீடியோ அழைப்பு எடுத்தான். முற்றத்தில் கொட்டகை, பிளாஸ்டிக் கதிரைகள், பறைச் சத்தம். தெரியாத ஆட்கள் எட்டிப்பார்த்து, சுகமோ என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தார்கள். அண்ணைக்கு வேட்டி, சால்வை. தாடையில் கட்டு. இவ்வளவு மெலிந்திருந்தது ஞாயிற்றுக்கிழமைகளில் தெரியவில்லை. கழுத்துக்கு மேல்தான் காட்டுவார்.

அண்ணி கபிலனிடமிருந்து ஃபோனை வாங்கினார். படம் ஆடியது, கூரை தெரிந்தது, பிறகு அண்ணையின் முகம், மிகக் கிட்ட. அண்ணி அவருடைய காதருகே குனிந்தார்.

"இஞ்சை பாருங்கோ. தம்பி வந்திட்டார்."

திரையின் மூலையில், சின்னச் சதுரத்தில், நான். தலை சீவியிருக்கவில்லை.