அம்மாவின் பிரசவக் கொப்பி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் நோவு குறைந்ததா? நான் சுகம்.

“இந்தப் பழங்கொப்பியை எரிச்சுப் போடட்டே?” என்று போனில் கேட்டீர்கள். எரிக்க வேண்டாம். அனலைதீவு மருத்துவமாதுவாக இருந்த இருபது வருடமும், எந்தக் கர்ப்பிணியை எப்போது படகில் ஏற்றினீர்கள், ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு நேரம் எடுத்தது என்று அதில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பல்கலைக்கழக ஆவணக்காப்பகத்தில், பல்கலைக்கழக வரலாற்றோடு தாதியர் ஆய்வுகளையும் பாதுகாக்கிறார்கள். நேற்று அங்கே சொன்னதும் உடனே கொப்பியைக் கேட்டார்கள். பெண்களின் பெயர்களை மறைத்துத்தான் வைப்பார்களாம். படிவத்தில் ‘ஆய்வாளர்’ என்ற இடத்தில் அலுவலர் என் பெயரை எழுதப்போனார். மறித்து, சத்தியபாமா அரியநாயகம் என்று உங்கள் பெயரை எழுதுவித்தேன்.

கொப்பியை இங்கே வரும் நிரோஜன் அண்ணையிடம் கொடுத்துவிடுங்கள். கொஞ்சம் ஒடியல் மாவும். ஒரு ஆளுக்குக் கூழ் காய்ச்ச எவ்வளவு தண்ணீர் விடுவது என்றும் எழுதுங்கள்.

பஸ் வந்துவிட்டது, இத்தோடு நிறுத்துகிறேன்.

உங்கள் தாரிகா